சாரத்து மடியில் செருகுகிற சின்ன ரோச் லைற், இரவுத் தண்ணீர் முறைக்கு எது நல்லது?

குளத்துமேட்டான்

வணக்கம் உறவுகளே. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன். கோடைச் சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும், முறை இரவில் விழுந்தால் விடியுமட்டும் வரம்பில்தான். மடையை வெட்டவும் அடைக்கவும் இரண்டு கையும் வேண்டும், அந்த நேரத்தில் ரோச்சை வாயில்தான் கவ்வுகிறேன்.

இப்போது இருப்பது பெட்டியில் பத்தாயிரம் லுமன் வெளிச்சம் என்று போட்டு வாங்கியது. சோடாப் போத்தல் அளவு, வாயில் கவ்வ ஏலாது, கக்கத்துக்குள் வைத்தால் வெளிச்சம் வானத்துக்குப் போகிறது. போன மழைக்கு உள்ளே ஈரம் போய் இப்போது அணைந்து அணைந்து எரிகிறது. இரவில் சாரமும் பழைய சேட்டும்தான் உடுப்பு. சேட்டுப் பையில் வைத்தால் குனியும்போது வாய்க்காலில் விழுகிறது. மடியில் செருகக்கூடியதாக, மழைக்குத் தாங்கக்கூடியதாக, பற்றறி நம்ம ஊர்க் கடையில் கிடைக்கக்கூடியதாக ஒன்று சொல்லுங்கள். ஐயாயிரம் ஆறாயிரத்துக்குள் இருந்தால் நல்லது, நல்லதென்றால் கொஞ்சம் கூடினாலும் சரி.

மாங்குளத்தான்

அண்ணை, கைத்தொலைபேசியில் லைற் இருக்கிறதே, அது போதாதா? நான் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

குளத்துமேட்டான்

தம்பி, வீட்டு முற்றத்துக்குப் போதும். 2018 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். அன்று இரவு மாட்டை அவிழ்க்கப் போனபோது கையில் இருந்தது போன் மட்டும்தான். மழைத் தண்ணீர் பட்டு திரை தன்பாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கி லைற் அணைந்துவிட்டது. திரும்பப் போடலாம் என்றால் ஈர விரலை அது ஏற்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைத் தடவித் தடவி அவிழ்த்தேன். வெள்ளத்துக்குள் யாரையாவது கூப்பிட இருந்ததும் அந்தப் போன் ஒன்றுதான், அதன் சார்ஜையும் லைற்றுக்கே தின்னக் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு வெளிச்சத்தையும் போனையும் ஒன்றாக நம்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

ரிப்பெயர்மேசை

புதுக்குடியிருப்பில் போன், ரோச், றேடியோ திருத்துகிற வேலை செய்கிறேன், மாதம் பத்துப் பதினைந்து ரோச்சாவது மேசைக்கு வரும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெட்டியில் இருக்கிற பத்தாயிரம் லுமனை மறந்துவிடுங்கள். சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு ரோச் அவ்வளவு வெளிச்சத்தைத் தொடர்ந்து தர ஏலாது, அந்தச் சூடு எங்கே போகும்? நல்ல கம்பனிக்காரர் அமெரிக்காவில் 2009இல் வந்த ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி எழுதுவார்கள். அதில் ரோச்சைப் போட்டு 30 செக்கனுக்குப் பிறகுதான் லுமன் அளக்க வேண்டும், எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒன்றாகக் குறையும் வரைக்குமான நேரம். இங்கேதான் கவனம் வேண்டும். 900 லுமன், இரண்டு மணித்தியாலம் என்று போட்டிருந்தால் இரண்டு மணித்தியாலமும் 900 எரியும் என்று அர்த்தம் இல்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடாகி 150, 200க்கு இறங்கி, மிச்ச நேரம் முழுக்க அந்த மட்டத்தில்தான் எரியும். ஆகவே உச்ச எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், நடு மட்டம் எத்தனை லுமன், அது எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று பாருங்கள். வரம்பில் நடக்க 30 லுமனிலிருந்து 100 லுமன் தாராளம்.

இரண்டாவது பற்றறி, இதுதான் உண்மையான கேள்வி. நாங்கள் ரிமோட் பற்றறி என்கிறதுதான் ஏஏஏ. பென்ரோச் பற்றறி என்கிறது ஏஏ, அதே அளவில் சார்ஜ் பண்ணுகிற லித்தியம் பற்றறி என்றால் 14500. அதைவிடக் கொழுத்த லித்தியம் பற்றறி 18650. சார்ஜ் பண்ணுகிற ஏஏஏ ஒன்றில் அண்ணளவாக ஒரு வாட்-மணி சக்தி, ஏஏயில் இரண்டு, இரண்டரை, 14500இல் மூன்றுக்குக் கொஞ்சம் மேல், நல்ல 18650இல் பத்துக்கு மேல். வெளிச்சமும் நேரமும் இதிலிருந்துதான் வர வேண்டும், விளம்பரத்திலிருந்து வராது.

உங்களுக்கு நான் சொல்வது ஏஏ, 14500 இரண்டையும் ஏற்கிற ரோச். லித்தியம் போட்டால் நல்ல வெளிச்சம், அது தீர்ந்தால் சந்திக் கடையில் ஒரு பென்ரோச் பற்றறி வாங்கிப் போட்டு வெளிச்சம் குறைவாக என்றாலும் விடியுமட்டும் சமாளிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அளவு ஒன்றுதான் என்று நினைத்து 1.5 வோல்ற் ரோச்சுக்குள் 14500ஐப் போடாதீர்கள். அது முழுச் சார்ஜில் 4.2 வோல்ற், உள்ளே இருக்கிற சுற்று கருகிவிடும். போன மாதமும் ஒருவர் அப்படிக் கருக்கிக்கொண்டு வந்தார். இரண்டையும் ஏற்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

விடியக்காலம்

நான் விசுவமடு. நாலு மணிக்கு மாட்டுப்பட்டிக்குப் போகிற ஆள், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. நீங்கள் எல்லாரும் பையைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்கள் சோட்டிக்கு, வீட்டில் போடுகிற சட்டைக்கு, பையே இல்லை. நான் ஒரு சின்ன ரோச்சை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன். நெஞ்சளவில் தொங்கும், பால் கறக்கும்போது வாளிக்குள் நேராக வெளிச்சம் விழும், இரண்டு கையும் காம்பில் இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் கூடினால் மாடு மிரளும். முகத்துக்கு நேரே வெள்ளை வெளிச்சம் அடித்தால் கறவை மாடு பாலை அடக்கிக்கொள்ளும், இதை நான் கண்ணால் கண்டது. அதனால் எனக்கு ரோச்சில் முதலில் வேண்டியது எவ்வளவு குறைவாக எரியும் என்பதுதான். என்னுடையது ஒலைட் ஐ3டி, ரிமோட் பற்றறி ஒன்றில் எரியும். அழுத்தினால் முதலில் 5 லுமன், அதற்கு மேல் வேண்டுமென்றால் 180. அந்த ஐந்துதான் எனக்கு ஒரு வருசமாக வேலை செய்கிறது. பிள்ளை நுளம்பு வலைக்குள் நித்திரையா என்று பார்க்கவும் அதுதான்.

குளத்துமேட்டான்

அக்கா, அது வாயில் கவ்வ ஏலுமா?

விடியக்காலம்

ஏலும் தம்பி, பேனை போல மெலிதுதான். ஆனால் இரவு முழுக்க வயலில் நிற்கிற ஆளுக்கு அந்தச் சின்னப் பற்றறி காணாது. எனக்கு ஒரு மணித்தியால வேலை, உங்களுக்கு எட்டு மணித்தியாலம்.

முல்லைமண்

பிள்ளைகளே, லுமன் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் வெளிச்சம் இல்லாமல் இருந்த காலம் தெரியும். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், வன்னிக்குள் பற்றறி தடைசெய்த பொருள். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் பிள்ளைகள் படித்தார்கள். எங்கள் வீட்டில் தகர ரோச் ஒன்று, இரண்டு பெரிய பற்றறி போடுகிறது. பற்றறி இறங்கியதும் அம்மா அவற்றைக் கழற்றிச் சுளகில் வைத்து வெயிலில் காயவிடுவா. மத்தியானம் ஒருக்கால் புரட்டிவிடுவா, மிளகாய் காயவிடுகிற மாதிரி. பொழுதுபடப் போட்டால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வரும், பத்து நிமிடத்துக்கு. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகுதான் புதுப் பற்றறியைப் பெட்டி பிரித்துப் போட்டோம்.

அந்தக் காலத்தில் ரோச்சைத் தொடர்ந்து அடிக்க விடமாட்டார்கள். ஒருக்கால் அடித்துப் பாதையைப் பார், அணை, பத்து அடி நட, திரும்ப அடி. இல்லாவிட்டால் கண்ணாடியை விரலால் பொத்தி, விரல் இடுக்கால் வருகிற சிவப்பு வெளிச்சத்தில் நடக்க வேண்டும். சிக்கனத்துக்குப் பழகியது, ஆனால் அதில் ஒரு பலன் இருந்தது: கண் இருட்டுக்குப் பழகிவிடும். வரம்பு, வாய்க்கால், தூரத்தில் நிற்கிற மரம் எல்லாம் நிழலாகத் தெரியும். இப்போது பெடியள் பெரிய வெளிச்சம் அடித்துக்கொண்டு வருகிறார்கள், அந்த வட்டத்துக்கு வெளியே யானை நின்றாலும் அவர்களுக்குத் தெரியாது. தம்பி, மங்கலாக எரியக்கூடியதாகப் பார்த்து எடு.

ரிப்பெயர்மேசை

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒரு தடவை கடும் வெளிச்சம் பட்டால் அது அத்தனையும் போய்விடும். ஒரு லுமனுக்கும் குறைவாக எரிகிற மட்டம் சில ரோச்சில் இருக்கிறது, நிலா மட்டம் என்பார்கள். வயலில் வெற்றிலை போடுகிற நேரம், நேரம் பார்க்கிற நேரம் எல்லாம் அதுவே போதும்.

மாங்குளத்தான்

அப்ப யானைக்கு என்ன செய்வது? மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் இரவில் மோட்டச்சைக்கிளில் வருகிறேன், ஒட்டுசுட்டான் பக்கம் பயமாகத்தான் இருக்கிறது.

முல்லைமண்

யானைக்குப் பை ரோச்சை நம்பாதே. அதன் தோல் வெளிச்சத்தை உறிஞ்சிவிடும், இருபது முழத்தில் நின்றாலும் இருட்டுத்தான் கொஞ்சம் தடிப்பாக இருப்பதுபோல இருக்கும். முதலில் மணம் வரும், கொப்பு முறிகிற சத்தம் வரும். சத்தம் கேட்டால் நில், திரும்பு. காவல் கொட்டிலில் இருக்கிறவர்களுக்குத் தூரத்துக்கு அடிக்கிற பெரிய ரோச் தனியாக வேண்டும், அதுவும் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான்.

பனிநாட்டிலிருந்து

கனடாவில் இருக்கிறேன், சொந்த இடம் மல்லாவி. ரோச் சேர்ப்பது எனக்கு நெடுநாள் பைத்தியம், கையில் முப்பதுக்கு மேல் இருக்கும். ஐயா சொன்ன தூரத்தைப் பற்றி ஒன்று. தூரத்துக்கு அடிப்பதைக் கண்டெலாவில் அளப்பார்கள். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 2,500 கண்டெலா என்றால் 100 மீற்றர், 10,000 என்றால் 200. ஆனால் அந்த நூறாவது மீற்றரில் விழுகிற வெளிச்சம் பௌர்ணமி நிலவு அளவுதான், ஆள் யார் என்று பார்க்கப் பாதித் தூரம்தான் கணக்கு. தூரத்துக்கு வேண்டுமென்றால் 18650 போடுகிற கொன்வோய் எஸ்2+ போன்றது நல்லது, விலையும் நியாயம், எளிய வேலைப்பாடு, திருத்தவும் ஏலும். ஆனால் மடியில் அது கனம்.

வரம்புக்குத் தூரம் தேவையில்லை, பரந்த வெளிச்சம்தான் தேவை. இங்கே நிறத்தைக் கவனியுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மலிவு ரோச்செல்லாம் 6,500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அதில் காய்ந்த வைக்கோல், சருகு, மண், புடையன் பாம்பு எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். 4,000 – 5,000 கெல்வின், நிறம் காட்டும் தரம் 90க்கு மேல் இருக்கிற எல்ஈடி என்றால் மண்ணிறத்துக்குள் மண்ணிறம் பிரிந்து தெரியும். ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவின் கோழிக்கூட்டடியில் இரண்டு ரோச்சையும் மாறி மாறி அடித்துப் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் சருகுக் குவியல், மற்றதில் அதே குவியலுக்குள் ஓணான் ஒன்று இருந்தது.

உங்களுக்கு நான் சொல்வது சோஃபிர்ன் எஸ்பி10 புரோ. ஏஏயும் 14500ம் இரண்டும் ஏற்கும், 5,000 கெல்வின், நிறத் தரம் 90, மிகக் குறைந்த மட்டமும் உண்டு. சுவிற்ச் பக்கத்தில் இருக்கிறது. ஸ்கில்ஹன்ற் எம்150யும் அதே பற்றறி முறைதான், காந்த வயரால் சார்ஜ் பண்ணலாம், விலை கூட.

முல்லைமண்

பாம்புக்கு ரோச்சை நெஞ்சளவில் பிடிக்காதே தம்பி, முழங்காலளவில் இறக்கிச் சரித்துப் பிடி. நிழல் நீளமாக விழும், வரம்பில் கிடக்கிறது கயிறா புடையனா என்று நிழலே சொல்லும்.

விடியக்காலம்

ஐயா சொன்னதைப் படித்ததும் இன்றைக்கு விடியப்புறம் செய்து பார்த்தேன். மாட்டுச் சாணிகூட மலை மாதிரித் தெரிகிறது. கழுத்தில் போடுகிற நூலை இனி நீளமாக்கப் போகிறேன், கழற்றாமலே கையில் இறக்கிப் பிடிக்கலாம்.

கடலோரம்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து. நந்திக்கடலில் இரவில் இறாலுக்கு இறங்குகிறேன். வெளிச்சம் பட்டால் தண்ணீருக்குள் இறாலின் கண் நெருப்புத்தணல் மாதிரி மின்னும், அதை வைத்துத்தான் வேலை. எங்களுக்கு ரோச்சின் முதல் எதிரி உப்பு. தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்4 என்று எழுதியிருந்தால் தூறலுக்கு மட்டும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம், ஐபிஎக்ஸ்8 அதற்கு மேல். வாய்க்காலில் விழுகிற ஆளுக்கு ஏழு இல்லாமல் எடுக்க வேண்டாம். சார்ஜ் துளையை றப்பர் மூடி மூடுகிற ரோச்சை நான் எடுப்பதில்லை, மூடி ஒரு வருசத்தில் இளகிவிடும், அந்த வழியாலேயே இரண்டு ரோச் இழந்தேன். திருகுகிற இடத்தில் இருக்கிற றப்பர் வளையத்துக்கு சிலிக்கன் கிறீஸ் ஒரு பொட்டுப் பூச வேண்டும். வண்டிக்குப் பூசுகிற கிறீஸ் போட்டால் சில றப்பர் ஊதிவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பிறகுதான் திறப்பேன்.

ரிப்பெயர்மேசை

கடலோரம் சொன்னது பொன்னான பேச்சு. என் மேசைக்கு வருகிற ரோச்சில் பாதி சார்ஜ் துளையால் செத்தவை, மிச்சத்தில் பாதி பற்றறி கசிந்து செத்தவை. பாவிக்காமல் வைக்கிற ரோச்சுக்குள் சாதாரண அல்கலைன் பற்றறியை விட்டுவிடாதீர்கள். கசிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால் பஞ்சில் தேசிப்புளி தொட்டுத் துடையுங்கள், அது காரம், புளி அதை முறிக்கும். பிறகு ஈரம் போகக் காயவிடுங்கள்.

இன்னொன்று, மலிவு ரைப்-சி ரோச் சில இரண்டு பக்கமும் ரைப்-சி இருக்கிற வயரில் சார்ஜ் ஏறாது, ரோச் பழுது என்று கொண்டு வருவார்கள். உள்ளே போட வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைச் செலவு மிச்சம் பிடித்து விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகலத் தலை இருக்கிற வயரில் போட்டால் ஏறும்.

18650 வாங்குகிறவர்கள், 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் கையில் எடுத்தவுடனே வைத்துவிடுங்கள். நல்ல கம்பனிப் பற்றறியே 3,500 அளவில்தான் நிற்கிறது. சந்தேகம் என்றால் பலசரக்குக் கடைத் தராசில் போடுங்கள். நல்லது 45 கிராமுக்கு மேல் நிறுக்கும், முப்பது கிராம்தான் என்றால் உள்ளே சின்னப் பற்றறி அல்லது வெறும் தூள்.

குளத்துமேட்டான்

எல்லாருக்கும் நன்றி. எஸ்பி10 புரோவை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். லித்தியமா, சார்ஜ் பண்ணுகிற சாதாரண ஏஏயா? வீட்டில் சின்ன சோலர் தகடு ஒன்று இருக்கிறது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் வாங்கியது.

ரிப்பெயர்மேசை

சார்ஜ் பண்ணுகிற நிக்கல் ஏஏ நாலு, சார்ஜர் ஒன்று. 1.2 வோல்ற்தான், ஆனால் அந்த ரோச் ஏற்கும். வைத்தால் இறங்காத வகை என்று பார்த்து எடுங்கள். லித்தியத்தின் பளிச் வெளிச்சம் வராது, இருந்தாலும் உங்கள் வேலைக்கு வேண்டாம். வெயில் சூட்டில் கொட்டிலில் கிடந்தாலும் பயம் குறைவு.

பனிநாட்டிலிருந்து

ஒத்துக்கொள்கிறேன். யாராவது உறவினர் கொண்டுவருவதென்றால், தனியாக இருக்கிற லித்தியம் பற்றறி கைப்பையில்தான் வர வேண்டும், விமானத்தில் போடுகிற பெட்டிக்குள் வைக்கக் கூடாது. நிக்கலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அப்புறம், பக்கச் சுவிற்ச் மடிக்குள் தன்பாட்டில் அழுந்தும். நாலு தரம் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இன்னும் நாலு தரம் அழுத்தினால் திறக்கும். அல்லது பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுங்கள்.

குளத்துமேட்டான்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். ரோச் வந்தது, நாலு முறைத் தண்ணீர் அதோடு கட்டியாகிவிட்டது. கிளிப்பைச் சாரத்தின் மேல்மடிப்பில் செருகிச் சாரத்தை ஒரு சுற்று உருட்டிவிட்டால் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அசையவில்லை. வாயில் கவ்வப் பல் கூசியது. பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிச் சுவிற்ச் மூடாமல் பின்பக்கமாக மாட்டினேன். இப்போது பல்லுக்கு மெதுவாக இருக்கிறது, ஈரக் கையிலும் வழுக்கவில்லை, வரம்பில் வைத்தால் உருளவும் இல்லை. ஒரு பற்றறி ஒரு இரவுக்கு மேல் நிற்கிறது, மங்கலிலேயே வைத்திருப்பதால்.

முந்தாநாள் ஐயா சொன்னபடி அணைத்துவிட்டு வரம்பில் இருந்தேன். தூரத்தில் துருசடியில், மதகடியில், தண்ணீர் திரும்புகிற இடம்கூடத் தெரிந்தது, பக்கத்து வயல்காரர் வருவது ரோச் இல்லாமலே தெரிந்தது. அவரும் அதே ரோச்சைக் கேட்கிறார்.

ஒரு குறை, மண்வெட்டி பிடிக்கும்போது கழுத்தில் போட்டாலும் நல்லதுபோல இருக்கிறது. அக்கா, நீங்கள் கட்டியிருக்கிறது என்ன நூல்? நான் கட்டிய சணல் இரண்டு நாளில் நனைந்து நாறுகிறது.

விடியக்காலம்

வலை பின்னுகிற நைலோன் நூல் தம்பி, மூன்றாகப் பின்னியது. மாடு கொம்பில் கொளுவி இழுத்தால் கழுத்தை இறுக்கும் என்று பின்கழுத்தில் ஒரு இடத்தில் மட்டும் சாதாரணத் தையல் நூலால் தொடுத்திருக்கிறேன், இழுத்தால் அந்த இடம் அறுந்துவிடும். அதை மறக்காமல் செய்யுங்கள்.

கடலோரம்

நூல் வேண்டுமென்றால் சொல்லுங்கள் அண்ணை, வலைத்துண்டு நிறையக் கிடக்கிறது. முடிச்சைப் போட்டதும் நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நைலோன் முடிச்சு தானாக அவிழும்.